குள்ளனுக்குக் கருப்பு பிரைமர் அடித்த கதை

சந்தேகப்படுவதில் எனக்கு இருக்கும் திறமை வேறு எதிலும் இல்லை. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று எல்லோரும்தான் பார்ப்பார்கள். நான் பூஜ்யத்தைப் பார்த்த பிறகும், அந்த ஆள் ஏன் இவ்வளவு ஆசையாக பூஜ்யத்தைக் காட்டுகிறார் என்று யோசிப்பவள். பூக்காரம்மா கையோடு இரண்டு கண்ணி சேர்த்துக் கொடுத்தால், பூ நேற்றையது என்று முடிவு கட்டிவிடுவேன். இப்படி ஊரையே சந்தேகக் கண்ணோடு பார்த்துத் திரிந்த நான், என்னால் ஒரு வீடே சந்தேகத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது மட்டும், எதுவும் தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

நான் கடலூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பல் செய்து கொடுப்போம். ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தையும், பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும் அந்த லேசான மஞ்சளையும் நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, சின்னப் பொருள்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. அப்படித்தான் மினியேச்சர் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் பழக்கம் வந்தது. கட்டைவிரல் உயரத்தில் போர்வீரர்கள், சூனியக்காரிகள், டிராகன்கள். வெளிநாட்டில் இவற்றைப் பலகையில் நிறுத்தி விளையாடுகிறார்களாம். எனக்கு விளையாட்டெல்லாம் தெரியாது. அந்தச் சுண்டைக்காய் அளவு முகத்தில் கண் வரைந்துவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு வேண்டாம்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது அம்மா கதவைச் சாத்திவிட்டு சொன்னாள்: "ஜெனி, அவுங்க வந்து என்ன கேட்டாலும் சொல்லு. இந்தப் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற கதைய மட்டும் வாயத் தொறக்காத. பொண்ணுக்கு இன்னும் வெவரம் பத்தலன்னு நெனச்சிடப் போறாங்க."

அதனால் அமலிடம் மட்டும்தான் சொன்னேன். அமல், என் வீட்டுக்காரர், சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் சிதம்பரத்து வீட்டுக்கு வருவார். "அதுக்கென்ன, மாடி சும்மாதான் கெடக்கு" என்று சொன்னார். (இவ்வளவு சுலபமாக ஒருத்தர் ஒத்துக்கொள்கிறாரே, இவரிடம் என்ன ஒளிந்திருக்கிறதோ என்று அன்றைக்கே தோன்றியது.)

மற்ற நாட்களில் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யார் வந்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். அத்தை லூர்துமேரி, கோயில் காரியம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். நான் தினமும் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி கடலூர் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். வேலைக்குப் போகும் மருமகள், வாய் பேசாத மருமகள் என்று எனக்கு நல்ல பெயர் வந்துகொண்டிருந்தது. அதைக் கெடுத்தது ஒரு டப்பா பிரைமர்.

பிரைமர் என்றால் வேறொன்றும் இல்லை, அடிப்பூச்சு. சுவருக்கு அடிப்பது போலத்தான். பொம்மை ரெசின் என்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது, வழவழவென்று இருக்கும். அதன்மேல் நேராக வர்ணம் தீட்டினால் விரல் பட்டதும் தோலுரிந்து வந்துவிடும். முதலில் பிரைமரைப் பனிபோல மெல்லிசாக ஸ்ப்ரே செய்ய வேண்டும். அது காய்ந்த பிறகுதான் வர்ணம் பிடிக்கும். கல்யாணச் சீரோடு நான் ஒளித்துக் கொண்டுவந்த டப்பா தீர்ந்துவிட்டது. ஆன்லைனில் பார்த்தேன். பாதிப் பேர் ஸ்ப்ரே டப்பாவை கூரியரில் அனுப்ப முடியாது என்றார்கள். அனுப்புகிறேன் என்ற ஒரே கடைக்கு வந்த பாராட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தது. எல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியது என்று புரிந்துவிட்டது.

ஆக, கடலூரில் வண்டிக்குப் பெயிண்ட் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

"ஸ்ப்ரே பிரைமர் இருக்கா?"

"இருக்குதும்மா. என்ன வண்டிக்கு?"

"வண்டிக்கு இல்ல."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பின்ன?"

"ஒரு சின்ன பொருளுக்கு."

"ஸ்கூட்டியா?"

"அதவிட சின்னது."

"சைக்கிளா?"

"அதவிட."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "பிளாஸ்டிக்கா, இரும்பா, அதையாவது சொல்லும்மா."

"பிளாஸ்டிக் மாதிரி."

கருப்பு, வெள்ளை, சாம்பல் என்று மூன்று டப்பாக்களை மேசைமேல் வைத்தார். "சாம்பல் எடுத்துக்க. எல்லாரும் அதத்தான் எடுக்கறாங்க."

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எல்லோரும் எடுப்பதாக இருந்தால் சாம்பல் டப்பாமேல் ஏன் அவ்வளவு தூசி? அலமாரியில் எட்டிப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்கச் சாம்பல். விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார். வெள்ளையை எடுத்தால் இடுக்கில் விட்டுப்போன இடமெல்லாம் பல்லிளிக்கும். கருப்பு நல்லது, மடிப்பிலும் குழியிலும் தானாகவே நிழல் விழுந்துவிடும், தப்பு நடந்தாலும் தெரியாது.

"கருப்பு குடுங்க" என்றேன், அவருடைய சூழ்ச்சியை முறியடித்த மிதப்போடு.

என் சந்தேகம் சரியாகத்தான் இருந்திருக்கும். சாம்பல் பழைய சரக்காகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பழைய சரக்கையே வாங்கிக்கொண்டு போயிருந்தால், சிதம்பரத்தில் ஒரு பாவமும் அறியாத ஒரு பெண்ணைப் பேயோட்டும் ஜெபத்தில் குற்றவாளியாக உட்கார வைக்க வேண்டிய நிலை வந்திருக்காது.

வண்டிப் பெயிண்ட் சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால், லேபில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்தேன். ஸ்பூன் பிசுபிசுக்கவில்லை, இளகவில்லை, காய்ந்து நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் நம்பிக்கை வராமல், சாயங்காலம் வரை வேலைக்கு நடுவே நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் டப்பாவுக்குள் இருக்கும் குண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடவென்று உருண்டது. பக்கத்து சீட்டு அம்மா என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா அது சத்தம்?"

"பிரைமர்."

"பிரஷரா? மாத்திரைய இவ்ளோ பெரிய டப்பாவுலயா குடுக்கறாங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சிதம்பரம் வரும்வரை உப்பைக் குறைப்பது பற்றிப் பேசினார்.

ஸ்ப்ரே அடிப்பதற்கு நாள் பார்க்க வேண்டும். கல்யாணம்கூட மழையில் நடந்துவிடும். பிரைமருக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மழை விட்டு, இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, லேபுக்கு விடுமுறையான ஒரு நாள் மத்தியானம் அமைந்தது. அத்தை மதியத் தூக்கத்தில் இருந்தார். மாமா தெருமுனைக்குப் போயிருந்தார். முந்தின நாள் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த சின்ன அத்தை, அதாவது மாமாவின் தம்பி மனைவி பிலோமினா, அன்று காலையில்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். போகும்போது ஒரு தூக்கு நிறைய வெல்லம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் எங்கள் அத்தைக்கும் ஏதோ ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. எதைப் பற்றி என்று இருவருக்குமே சரியாக நினைவில்லை என்பதால் அது தீரவும் இல்லை.

பழைய நைட்டி, முகத்துக்கு லேபின் மாஸ்க், கைக்கு உறை, தலையில் குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி. இந்தக் கோலத்தில் மாடி ஏறினேன். பொம்மையைக் கையில் பிடித்து அடிக்க முடியாது. அதனால் லேபில் பல்லுக்குச் செய்வது போலவே, ஒவ்வொரு பொம்மையின் பாதத்திலும் ஒரு ஓட்டை போட்டு, குண்டூசியைச் செருகி, தெர்மாகோல் துண்டில் குத்தி நிறுத்தினேன். முன்வரிசையில் என் செல்லம், குள்ளன். முழங்கால்வரை தாடி, கையில் கோடாரி, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருப்பான். அந்தத் திறந்த வாய்க்குள் பற்கள்கூட இருந்தன. (தொழில் முறையில் பார்த்தால், கீழ்ப்பல் வரிசை சரியில்லை.)

டப்பாவைக் கை வலிக்கக் குலுக்கினேன். ஒரு சாணுக்கும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து, பொம்மையைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். நேராக வைத்து அழுத்தினால் ஒழுகி, மூக்கும் மூஞ்சியும் மூடிப்போகும். ரொம்பத் தள்ளிப் பிடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து தூசியாகப் போய் விழும். நான் அன்று அடித்தது போல அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. தாடியின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. காற்று மட்டும் ஒரு முறை தப்பாக வீசி, கொடியில் கிடந்த எதையோ அசைத்தது. நான் கண்டுகொள்ளவில்லை. எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் காய வைத்து, ஒரு உடைந்த கூடையால் மூடிவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் கூடை புரண்டு கிடந்தது. குள்ளனைக் காணவில்லை.

நடந்தது இதுதான், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காக்கையோ அணிலோ குள்ளனைத் தூக்கிக்கொண்டு போய், பின்பக்கம் துணி துவைக்கும் கல்மேல் போட்டிருக்கிறது. தூங்கி எழுந்து முகம் கழுவப் போன அத்தை அதைப் பார்த்திருக்கிறார். விரல் அளவில் ஒரு கருப்பு உருவம். வாயைப் பிளந்து நிற்கிறது. காலில் ஊசி ஏறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாடிமேல் நீளமாக ஒரு நரைமுடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை காலையில் மாடியில்தான் தலை காய வைத்திருந்தார். கொடியில் சிக்கியிருந்த முடி, ஈரப் பிரைமரில் பறந்து வந்து ஒட்டியிருக்கிறது. இந்த வீட்டில் அந்த நீளத்துக்கு நரைமுடி ஒருவருக்குத்தான் உண்டு.

இதைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷி பிரைமர் என்றா நினைப்பாள்?

அத்தை யாரைச் சந்தேகப்பட்டார் என்பதற்கும் பெரிய யோசனை வேண்டியதில்லை. காலையில்தான் நெல்லிக்குப்பத்துக்காரி கிளம்பிப் போயிருக்கிறாள். சாயங்காலம் கொல்லையில் பொம்மை.

இதில் எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் குள்ளனை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது. மாமாவா? அவர் அன்று இரவு வாசல் கதவின் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் பார்த்தார். எடுத்தவர் எதற்குத் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும்? பக்கத்து வீட்டுப் பூனையா? பூனைக்குக் கோடாரி எதற்கு? அத்தையா?

மறுநாளிலிருந்து அத்தைமேல் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஏனென்றால், திடீரென்று என்மேல் அவ்வளவு பாசமாக இருந்தார். நான் வேலைக்குக் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டார். என் தலையணையில் தீர்த்தம் தெளித்தார். சீப்பில் இருந்த முடியையெல்லாம் உருவி எடுத்து அடுப்பில் போட்டு எரித்தார். "என்ன அத்த, முடி நாறுதே" என்றேன். "இருக்கட்டும். கண்ட எடத்துல முடி கெடக்கக் கூடாது" என்றார்.

"நான் கொஞ்சம் மாடிக்குப் போயிட்டு வரேன் அத்த."

"தனியா போவாத."

"ஏன் அத்த?"

"போவாதன்னா போவாத. துணி இருந்தா மாமா எடுத்துனு வருவாரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைக்கு என் பொம்மை விஷயம் தெரிந்துவிட்டது. நேரே கேட்காமல், பொம்மையைப் பறிமுதல் செய்து, மாடிக்கும் தடை போட்டு, பாசத்தாலேயே என்னை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறார். பார்க்கலாம் யார் ஜெயிக்கிறார்கள் என்று நானும் பதிலுக்குப் பாசமாக இருந்தேன். அத்தை என் கையைப் பிடித்தால் நான் இரண்டு கையையும் பிடித்தேன். மாமா நடுவில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதோடு இன்னொன்று. சின்ன அத்தை கொடுத்த வெல்லத்தை, அத்தை தூக்கின் காதை முந்தானையால் பிடித்துத் தூக்கிவந்து என்னிடம் நீட்டினார். "இத வேலைக்குப் போற வழியில எங்கயாவது தூரமா கொட்டிடு. வாயில வச்சிடாத." நல்ல வெல்லம், பாகு மணக்க மணக்க இருந்தது. வெல்லத்தைக் கொட்டச் சொல்கிற வீட்டில் என்னவோ சரியில்லை என்று நினைத்தேன். லேபுக்கு எடுத்துப் போனேன். எல்லோரும் டீயில் போட்டும் சும்மாவும் தின்று தீர்த்தோம்.

அமலுக்குப் போன் செய்தேன். "உங்க வீட்ல யாரோ என் குள்ளன எடுத்துட்டாங்க."

"காக்கா தூக்கினு போயிருக்கும்" என்றார் அமல், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன். பதில் தயாராக இருந்திருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் பேசிவைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் வீடு மந்திரிக்க ஃபாதர் வருகிறார், அன்பியத்துப் பெண்கள், அதாவது தெரு ஜெபக்குழுப் பெண்கள், எல்லோரும் ஜெபம் பண்ண வருகிறார்கள் என்று அத்தை சொன்னார். புது மருமகள் வந்த வீட்டை மந்திரிப்பது வழக்கம்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நெல்லிக்குப்பத்துச் சின்ன அத்தையையும் கூப்பிட்டிருந்தார்கள். வெல்லத்தைக் கொட்டச் சொன்னவர் வெல்லம் கொடுத்தவரை ஏன் கூப்பிட வேண்டும்? நான் முறுக்குத் தட்டோடு சுவரோரம் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன அத்தையைச் சரியாக ஃபாதருக்கு எதிரில், எல்லோருக்கும் முகம் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருக்கு அது மரியாதையாகத் தெரிந்தது போல. புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜெபமாலை முடிந்தது. பாட்டு முடிந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்தார். அத்தை உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தார். அதைச் சுற்றிக் குருத்தோலை கட்டியிருந்தது.

"சாமி, இதத்தான் சொன்னேன்" என்று ஃபாதர் கையில் கொடுத்தார்.

ஃபாதர் ஓலையைப் பிரித்து மூடியைத் திறந்தார். கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவர்கூட டப்பாவைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சின்ன அத்தையின் முகத்தையே பார்த்தார்கள். அவர் எதுவும் புரியாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்தார்.

டப்பாவைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். விபூதி மாதிரி எதன்மேலோ, உப்பு என்று பிறகு தெரிந்தது, என் குள்ளன் மல்லாந்து கிடந்தான்.

"அய்யய்யோ, அது என்னுது" என்று எழுந்து ஃபாதரிடம் ஓடினேன்.

முறுக்குத் தட்டு உருண்டு போய் ஃபாதர் காலடியில் சுழன்று சுழன்று நின்றது. ரெஜினா என்று ஒரு பெண், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மெதுவாகத் தன் சேலைத் தலைப்பை நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா சொன்ன?" என்றார் ஃபாதர்.

"என் பொம்ம ஃபாதர். நான்தான் செஞ்சேன். காய வச்சிருந்தேன், காணாமப் போயிட்டான்."

"நீயா செஞ்ச?" அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். "எம் முடிய வச்சா?"

"முடியா? முடியெல்லாம் நான் வக்கல அத்த. அது தானா ஒட்டியிருக்கும். ஊசி மட்டும்தான் நான் குத்துனேன்."

இந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். பயத்தில் எனக்கு நடந்ததை முழுசாக விளக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"பயப்படாதீங்க அத்த. இது ஒண்ணுதான் கீழ வந்துருக்கு. மத்ததெல்லாம் பத்திரமா மேலதான் இருக்கு."

"மத்ததெல்லாமா?" என்றார் மாமா. அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு எல்லோரும் மாடிக்குப் போனோம். முன்னால் ஃபாதர், பின்னால் மாமா ஒரு டார்ச்சோடு, அதற்குப் பின்னால் ஜெபம் சொல்லிக்கொண்டே பெண்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து கூடையை எடுத்தேன். தெர்மாகோல்மேல் வரிசையாகக் கருப்பு உருவங்கள் நின்றன. வாள் பிடித்தவன், கொம்பு வைத்தவன், தொப்பி போட்ட சூனியக்காரி. டார்ச் வெளிச்சத்தில் அவற்றின் நிழல் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுந்தது. பின்னால் ஜெபத்தின் சத்தம் கூடியது.

"இது பிரைமர் ஃபாதர்" என்றேன். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதுக்கு முன்னாடி அடிப்பாங்க இல்ல, அதுதான். மேல கலர் அடிச்சா அழகா இருக்கும்."

"கருப்பா ஏம்மா?"

"சாம்பல் பழைய சரக்கு ஃபாதர்."

அவருக்கு இது போதவில்லை. "சரி, எப்படி அடிப்ப, காட்டு பாப்போம்" என்றார். அவர் எனக்கு உதவி செய்யத்தான் அப்படிக் கேட்டார். எல்லோர் கண் முன்னாலும் செய்து காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். கடகட என்ற சத்தம் கேட்டதும் சில பெண்கள் இரண்டு படி இறங்கிவிட்டார்கள். போன முறை அடித்து முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து மூக்கைச் சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை. அழுத்தினேன், வரவில்லை. மறுபடி அழுத்தினேன், வரவில்லை. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பலம் கொண்டமட்டும் அழுத்தினேன். அடைப்பு விட்டு, காற்றும் சேர்ந்துகொண்டு, ஃபாதரின் வெள்ளை அங்கியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கருப்பாக ஒரு மேகம் படிந்தது.

ஒழுகவில்லை, திட்டு விழவில்லை. சரியான தூரம். (அந்த நிலையிலும் இதைக் கவனித்தேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.)

ஃபாதர் குனிந்து அங்கியைப் பார்த்தார். விரலால் தொட்டார். "சீக்கிரமா காயுது" என்றார்.

அந்த நேரத்தில்தான் அமல் சென்னையிலிருந்து வந்து, பையைத் தோளில் மாட்டியபடியே மாடிப்படியில் தலையை நீட்டினார். கையில் டப்பாவோடு நான், பாதி கருப்பான ஃபாதர், டார்ச்சோடு மாமா, வரிசையாகப் பெண்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குள்ளன் கெடச்சிட்டானா?" என்றார்.

அதைக் கேட்டுத்தான் மாமா சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஃபாதரும் சிரித்தார். பெண்கள் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். சின்ன அத்தை. தன்னை ஏன் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது.

"எம் மூஞ்சியப் பாக்கத்தான் கூப்பிட்டியாக்கா?" என்று எங்கள் அத்தையிடம் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

சிரிப்பெல்லாம் நின்றுபோனது. சின்ன அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் குடுத்த வெல்லத்தயும் கொட்டியிருப்ப" என்றார்.

"இல்ல சின்ன அத்த" என்றேன் நான். "நாங்க பூரா தின்னுட்டோம். எங்க லேபுல இன்னும் கேட்டுனு இருக்காங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கொட்டச் சொன்னது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு சின்ன அத்தையின் கையைப் பிடித்தார். "வயசாவுது இல்ல பிலோமினா, புத்தி அப்பிடிப் போவுது. இருந்து சாப்ட்டுட்டுப் போ. கொழம்பு வச்சிருக்கேன்."

"என்ன கொழம்பு?" என்றார் சின்ன அத்தை, இன்னும் முகத்தைத் திருப்பாமல்.

"வஞ்சிரம்."

அன்று இரவு சின்ன அத்தை சாப்பிட்டார். ஆனால் அத்தை முதல் வாய் சாப்பிடும்வரை காத்திருந்துதான் சாப்பிட்டார். அவர் பக்கத்திலும் கொஞ்சம் சந்தேகம் இருப்பது நியாயம்தானே.

ஃபாதரின் அங்கி எந்த சோப்புக்கும் மசியவில்லை. பிரைமர் என்றால் அப்படித்தான், பிடித்தால் விடாது. அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸுக்குக் கோயில் குடிலில் வைக்கும் சுரூபங்களுக்கெல்லாம், அந்த மாதா, சூசையப்பர் பொம்மைகளுக்கெல்லாம், நான் வர்ணம் தீட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சாம்பல் பிரைமர். அதே கடையில், அதே தூசி டப்பா. வீட்டில் இன்றைக்கும் யாராவது யாரிடமாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீக்கிரம் ராசியாவுங்க, மருமவ டப்பாவக் குலுக்கற சத்தம் கேக்குது" என்பார். நெல்லிக்குப்பம் வரை இந்தப் பேச்சு போய்விட்டது. சின்ன அத்தை வீட்டில் பிள்ளைகள் சாப்பிட மறுத்தால் என் பெயரைத்தான் சொல்கிறார்களாம்.

அடுத்த வருஷம் ஒரு மழைநாளில் ரெஜினா அக்கா வந்தாள். அன்றைக்குச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாளே, அவள்தான். அத்தை சமையலறையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். அவளுடைய மாமியார். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, விறைப்பாக நின்றார்.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடு. கால்ல மட்டும் குத்துனா போதும், வேற ஒண்ணும் வேணாம்."

"அக்கா, அது அப்படி இல்ல. அது சும்மா பொம்ம. பெயிண்ட் அடிக்கிறது."

"எங்கிட்ட மறைக்காத ஜெனி. சாமியார் முன்னாடியே ஒத்துக்கினவதான நீ."

நான் விளக்கினேன். ரெசின் என்றேன், ஸ்ப்ரே என்றேன், வெளிநாட்டு விளையாட்டு என்றேன். எதையும் அவள் நம்பவில்லை. நான் ரொம்பப் பெரிய கை, அதனால்தான் இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறேன் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அத்தை காபியோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. டம்ளரை ரெஜினா அக்கா கையில் கொடுத்துவிட்டு, போனில் இருந்த போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"இப்ப முடியாது ரெஜினா" என்றார். "ஈரக் காத்துல பிரைமர் புடிக்காது. தை மாசம் வா."

தை பிறந்த மூன்றாம் நாள் காலையிலேயே ரெஜினா அக்கா வாசலில் நின்றாள். சுருட்டி மடித்த காகிதத்தில் ஒரு நரைமுடியும் கொண்டுவந்திருந்தாள்.